எடைப் பழியைப் பங்கு பிரிப்பது எப்படி

கல்யாணப் பந்தியில் இரண்டாவது தடவையாக ஜாங்கிரி வைக்கச் சொல்லும் வாயும், கை கழுவும் இடத்தில் "என்னடி, ஒரு சுத்து பெருத்துட்ட?" என்று கேட்கும் வாயும் பல நேரம் ஒரே ஆளுடையவை. வேண்டாம் என்றால் மரியாதை தெரியாதவள். சாப்பிட்டால் வாயைக் கட்டத் தெரியாதவள். ஒல்லியானவர்களுக்கும் விடுதலை இல்லை, "வீட்ல சோறு போடலையா?" என்ற கேள்வி அவர்களுக்காகக் காத்திருக்கிறது.

இது எடை குறைப்புக் குறிப்பு இல்லை. மனசில் ஏறிக் கிடக்கும் பழியில் உங்கள் பங்கு எவ்வளவு, வீட்டின் பங்கு எவ்வளவு, யார் பங்கிலும் சேராதது எவ்வளவு என்று பிரிப்பதற்கானது. குறைப்பதா, அப்படியே இருப்பதா, மருந்து எடுப்பதா என்ற முடிவு அதற்குப் பிறகு. வேண்டியவை: ஒரு முழு வெள்ளைத்தாள், டெய்லர் வைத்திருக்கும் இஞ்ச் டேப், நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், வீட்டின் போன மாத மளிகைச் சீட்டு. எடை மெஷின் இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் குறையில்லை.

முதலில் அளவு

பழி எப்போதும் கண் அளவில் வருகிறது. அதனால் உண்மையான அளவை முதலில் தாளில் எழுதி வையுங்கள்.

இடுப்புச் சுற்றளவை எடுப்பதில் பெரும்பாலோர் செய்யும் தவறு, பாவாடை நாடா அல்லது பேண்ட் இருக்கும் இடத்தில் டேப்பைச் சுற்றுவது. தொப்பை அதற்கு மேலே இருக்கும், அளவு குறைத்துக் காட்டும். பக்கவாட்டில் கையை வைத்துக் கடைசி விலா எலும்பைத் தடவிப் பாருங்கள். அதற்குக் கீழே இடுப்பெலும்பின் மேல் விளிம்பு தட்டுப்படும். இரண்டுக்கும் நடுவில் ஒரு புள்ளி வைத்து, டேப்பைத் தரைக்கு இணையாகச் சுற்றுங்கள். தோலை ஒட்டி இருக்க வேண்டும், அழுத்தக் கூடாது. சாதாரணமாக மூச்சை விட்டு முடிக்கும் இடத்தில் படியுங்கள். வயிற்றை எக்கினால் நீங்கள் ஏமாற்றுவது டேப்பை மட்டும்தான். இரண்டு முறை எடுத்து, 1 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறையும் எடுங்கள். இந்தியர்களுக்கான எல்லை பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ.

பிஎம்ஐ என்பது எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுப்பது. 158 செ.மீ. உயரம், 66 கிலோ என்றால் 1.58 × 1.58 = 2.496, 66-ஐ அதால் வகுத்தால் 26.4. உலக அளவிலான அட்டவணை 25 வரை விட்டுவிடும். நம் உடல்வாகில் சர்க்கரையும் இதய நோயும் அதற்கு முன்பே வருவதால், 2009-இல் இந்திய மருத்துவ நிபுணர்கள் கூடி 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் உடற்பருமன் என்று வகுத்தார்கள்.

ஆனால் இந்த எண்ணை ஒருவரின் ஜாதகமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. புனே மருத்துவர் சி.எஸ். யாஜ்னிக்கும் பிரிட்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-இல் தங்கள் இருவரின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடலில் கொழுப்பின் அளவு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லியாக இருப்பவரைப் பாராட்டிவிட்டு, பக்கத்தில் பூசினாற்போல் இருப்பவருக்கு உபதேசம் செய்கிற நம் ஊர்ப் பழக்கம் எவ்வளவு தூரம் தப்பாகப் போகலாம் என்பதற்கு இந்த ஒரு படம் போதும்.

மெஷினில் ஏறுவதாக இருந்தால் வாரம் ஒரு நாள், காலையில், கழிவறை போய்வந்த பிறகு, சாப்பிடும் முன். ஒரே நாளுக்குள் 1, 2 கிலோ ஏறி இறங்குவது உப்பும் தண்ணீரும் செய்யும் வேலை. உடல் சேமித்து வைக்கும் ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். கல்யாண விருந்துக்கு மறுநாள் 1.5 கிலோ கூடியிருந்தால் அது கொழுப்பாக இருக்க வழியில்லை. மாதவிடாய்க்கு முந்தைய வாரத்து எண்ணை ஒப்பிடவே வேண்டாம்.

தாளில் மூன்று பத்தி

தாளை நெட்டுவாக்கில் மூன்றாகப் பிரியுங்கள். இடது பக்கம் "யார் கையிலும் இல்லாதது", நடுவில் "வீட்டின் கையில்", வலது பக்கம் "என் கையில்". எல்லோரும் வலது பத்தியிலிருந்துதான் தொடங்குவார்கள். குற்ற உணர்வு அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் இடதிலிருந்து தொடங்குங்கள்.

யார் கையிலும் இல்லாதது. அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, அத்தை, மாமா ஆகியோரின் உடல்வாகை எழுதுங்கள். "குடும்பமே அப்படித்தான்" என்பதைச் சாக்கு என்று சிரிப்பவர்கள் உண்டு. ஆய்வுகள் அப்படிச் சிரிக்கவில்லை. 1986-இல் டென்மார்க்கில் தத்துப்பிள்ளைகளை ஆராய்ந்தபோது, வளர்ந்த பின் அவர்கள் எடை பெற்றவர்களின் எடையோடுதான் ஒத்துப்போனது, வளர்த்தவர்களோடு இல்லை. 1990-இல் கனடாவில் கிளாட் பூஷார் 12 ஜோடி ஒட்டிரட்டை இளைஞர்களுக்கு 84 நாள், நாளொன்றுக்கு 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார். எல்லோருக்கும் கூடுதல் ஒரே அளவு. ஏறியதோ ஒருவருக்கு 4.3 கிலோ, இன்னொருவருக்கு 13.3 கிலோ. இரட்டையர்கள் இருவரும் கிட்டத்தட்ட ஒரே அளவு ஏறினார்கள்.

அடுத்து மாத்திரை அட்டைகளை எடுத்துப் பெயர்களைப் பார்த்து எழுதுங்கள். எடையைக் கூட்டக்கூடியவை: ஓலன்சபின், குளோசபின், மிர்ட்டசபின், அமிட்ரிப்டிலின், வலிப்புக்கும் மனநிலைக்கும் தரும் வால்ப்ரோயேட், ஸ்டீராய்டுகள், இன்சுலின், சர்க்கரைக்கான கிளிமெப்பிரைடு வகை மாத்திரைகள், ப்ரோப்ரனலால். இவற்றில் ஒன்று இருந்தால் அது இடது பத்திக்குப் போகிறது. எடைக்குப் பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நாள்பட்ட ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. வால்ப்ரோயேட்டை நிறுத்தினால் வலிப்பு திரும்பும். "இதற்கு எடை கூட்டாத மாற்று உண்டா?" என்று மருத்துவரைக் கேட்பதுதான் வழி. பல நேரம் உண்டு.

தைராய்டு குறைவை இந்தப் பத்தியில் எழுதும்போது கொஞ்சம் நிதானம் தேவை. அதனால் ஏறுவது பெரும்பாலும் 2 முதல் 4 கிலோதான், அதிலும் பெரும் பகுதி உப்பும் நீரும். 20 கிலோவுக்கும் தைராய்டைக் காரணம் சொன்னால், மாத்திரை சாப்பிட்டும் இறங்காதபோது குற்ற உணர்வு இரட்டிப்பாகும்.

வீட்டின் கையில். பழி பிரிப்பதில் அதிகம் கவனிக்காமல் விடப்படுவது இந்த நடுப்பத்தி. மளிகைச் சீட்டை எடுங்கள். நான்கு பேர் வீட்டில் மாதம் 5 லிட்டர் எண்ணெய் வாங்கினால், ஆளுக்கு நாளொன்றுக்கு சுமார் 42 மில்லி. கிராமில் 38, ஒரு கிராமுக்கு 9 கலோரி, ஆக 340 கலோரிக்கு மேல் தாளிப்பிலும் பொரியலிலும் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. இதை முடிவு செய்தவர் யார்? வாங்குகிறவர், சமைக்கிறவர், "எண்ணெய் மினுமினுக்காவிட்டால் குழம்பா இது?" என்று கேட்கிறவர். பழி கேட்பதோ வீட்டில் குண்டாக இருக்கும் ஒரே ஒரு ஆள்.

இதே பத்தியில் எழுத வேண்டிய மற்றவை: இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு, அதை யாருக்காகத் தள்ளிப் போடுகிறீர்கள். மிஞ்சிய சோற்றையும் பிள்ளைகள் தட்டில் விட்ட அரை தோசையையும் யார் சாப்பிடுகிறார்கள். அநேகமாக அம்மா, அடுப்படியில் நின்றபடியே, "வீணாகுமே" என்று. அதை அவர் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதும் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை முறை காபி, டீ, ஒவ்வொன்றிலும் எத்தனை ஸ்பூன் சர்க்கரை: இரண்டு ஸ்பூன் (10 கிராம்) வீதம் நான்கு முறை என்றால் 160 கலோரி. மாலையில் ஒரு மணி நேரம் நடக்கப் போகிறேன் என்று சொன்னால் அந்த நேரத்து வேலையை யார் எடுத்துக்கொள்வார்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாமல் பெண்களுக்கு "கொஞ்சம் வாக்கிங் போகக் கூடாதா?" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

நடுப்பத்தி வீட்டோடு நிற்பதில்லை. தமிழ்நாட்டில் பிஎம்ஐ 25-ஐத் தொட்ட அல்லது தாண்டிய பெண்கள், தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 2015-16-இல் 30.9 சதவீதம், 2019-21-இல் 40.4 சதவீதம். ஆண்கள் 28.2-லிருந்து 37 சதவீதம். ஐந்து வருஷத்துக்குள் மாநிலம் முழுக்க மனக்கட்டுப்பாடு இப்படிக் கரைந்துபோனதா என்ன? மாறியது வேலை, பயணம், தூக்கம், கையெட்டும் தூரத்தில் கிடைக்கும் தீனி.

என் கையில். இப்போது வலது பத்தியில் எழுத மிச்சமிருப்பவை சின்னதாகவும் செய்யக்கூடியதாகவும் இருக்கும். அப்படி இல்லாமல் "வாயைக் கட்டணும்", "கன்ட்ரோல் வேணும்" என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். அவை திட்டு, வேலை இல்லை. "காபியில் ஒரு ஸ்பூன்", "பஸ்ஸிலிருந்து ஒரு ஸ்டாப் முன்னால் இறங்குவது", "சோற்றைவிடக் காய் கூடுதலாக வைப்பது" போன்ற, செய்தேனா இல்லையா என்று டிக் போடக்கூடிய மூன்றே மூன்று வரி போதும்.

எதிர்பார்ப்பைக் கணக்குப் போடுவது

"தினம் 100 கலோரி குறைத்தால் வருஷத்துக்கு 5 கிலோ" என்று ஒரு கணக்கு உலவுகிறது. அது தவறு. எடை இறங்க இறங்க உடலின் செலவும் இறங்கும். அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹாலின் கணக்குப்படி, தினம் 24 கலோரி நிரந்தரமாகக் குறைத்தால் கடைசியில் 1 கிலோ இறங்கும், அதில் பாதிக்கே ஒரு வருஷம் ஆகும். மேலே சொன்ன வீட்டில் எண்ணெயை 5 லிட்டரிலிருந்து மூன்றரை லிட்டராக்கினால் ஆளுக்கு நாளுக்குச் சுமார் 100 கலோரி குறையும். முதல் வருஷம் 2 கிலோ, அடுத்த இரண்டு வருஷத்தில் இன்னொரு 2 கிலோ. முதல் மாதம் மெஷினில் எதுவும் தெரியாது. அந்த முதல் மாதத்தில்தான் ஆளைக் குற்றம் சொல்லி முயற்சியையும் கைவிட வைக்கிறார்கள்.

வேகமாகக் குறைத்தால்? எடை குறைப்புத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஹால் குழு ஆறு வருஷம் கழித்துச் சோதித்தது. பெரும்பாலோருக்கு எடை திரும்பியிருந்தது. அவர்கள் உடல் ஓய்வில் செலவழித்தது, அந்த உடம்புக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்கு 500 கலோரி குறைவு. எடை திரும்பி வருவதை ஒழுக்கக்கேடாகப் பார்க்கிறவர்கள் இந்த 500-ஐ ஒரு வேளைச் சாப்பாடாக நினைத்துப் பார்க்கலாம்.

எடை இறங்காவிட்டால் உழைப்பு வீண் என்பதும் இல்லை. சென்னையைச் சேர்ந்த டாக்டர் அ. ராமச்சந்திரன் நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரைக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேர் கலந்துகொண்டார்கள். நடையும் உணவு மாற்றமும் மேற்கொண்ட பிரிவில் சர்க்கரை நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. அவர்கள் எடையில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமே இல்லை. எனவே தாளின் அடியில் எடையோடு கூட இடுப்பளவு, இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் சோதனை), மாடி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா என்பதையும் எழுதுங்கள்.

சாப்பிட்ட பிறகு வரும் குற்ற உணர்வு

விரதம் இருக்கிறவர் தெரியாமல் ஒரு முறுக்கைக் கடித்துவிட்டால், "சரி, கெட்டுப் போச்சு" என்று முழுச் சாப்பாடே சாப்பிட்டுவிடுவது போலத்தான் டயட்டும் உடைகிறது. ஒரு குலாப் ஜாமூன் கெடுதல் செய்வதில்லை. அதற்குப் பின் "இன்னிக்கு போனது போச்சு, திங்கட்கிழமையிலிருந்து பார்க்கலாம்" என்று விட்ட மூன்று நாள்தான் கணக்கை மாற்றுகிறது. மறுநாள் பட்டினி போட்டு ஈடு கட்டினால் சாயங்காலம் ஆறு மணிக்குப் பசி மொத்தமாகக் கிளம்பி, சுழற்சி மறுபடி ஆரம்பிக்கும். 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார்கள். பேச்சும் கனவும் சாப்பாடாகவே போயின. சமையல் குறிப்பு சேகரிக்கத் தொடங்கினார்கள். பசித்த உடம்பு உணவையே நினைப்பது குணக்கேடு இல்லை.

செய்ய வேண்டியது: அடுத்த வேளையை வழக்கமான நேரத்தில், வழக்கமான அளவில் சாப்பிடுவது. ஈடு கட்டவும் வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம். சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது, ஒளித்துச் சாப்பிட்டு அழுவது என்ற அளவுக்குப் போயிருந்தால் இந்தத் தாள் போதாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416-க்கு அழைத்தால் தமிழிலேயே பேசலாம்.

சொந்தபந்தத்துக்குப் பதில்

கேட்பவர்கள் மூன்று வகை. பேச வேறு விஷயம் கிடைக்காமல் கேட்பவர்களே அதிகம். இவர்களுக்கு விளக்கம் கொடுத்தால் வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள், வெந்நீரில் தேனில் தொடங்கி. ஒத்துக்கொண்டு பேச்சை மாற்றுவதே நல்லது: "ஆமா பெரியம்மா, எல்லாரும் சொல்றாங்க. உங்க முழங்கால் வலி இப்ப எப்படி இருக்கு?"

இரண்டாவது, உண்மையாகவே கவலைப்படுகிறவர்கள். இவர்களுக்கு ஒரு தகவல் கொடுங்கள், அது அவர்களை அமைதிப்படுத்தும்: "டாக்டரைப் பார்த்துட்டேன் மாமா, பிரஷர், சுகர் எல்லாம் பார்த்தாச்சு. எடையைப் பத்திப் பேசினா எனக்கு மனசு கஷ்டமாகுது, அதை மட்டும் விட்டுடுங்க."

மூன்றாவது வகை எடை போடுகிறவர்கள்: பெண் பார்க்க வந்தவர்கள், குழந்தை பெற்று மூன்று மாதம் ஆனவளின் வயிற்றைப் பார்க்கிறவர்கள். இங்கே பதில் சொல்ல வேண்டியவர் அந்தப் பெண் இல்லை. அவள் அம்மாவோ, கணவனோ. "அதை நாங்க பார்த்துக்கிறோம் அண்ணி. நீங்க உட்காருங்க, காபி எடுத்துட்டு வரேன்." குரலை உயர்த்தாமல் இதை ஒருவர் ஒரு தடவை சொன்னால், அடுத்த விசேஷத்தில் கேள்வி பாதியாகும்.

பந்தியில் "டயட்ல இருக்கேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எதிர்வரிசை முழுக்க உங்கள் இலையை எட்டிப் பார்க்கும். கரண்டி இலைக்கு வரும் முன்பே உள்ளங்கையை இலைக்கு மேலே காட்டி, "கொஞ்சம் கழிச்சு வாங்கிக்கிறேன்ணே" என்றால் போதும். பரிமாறுகிறவர் அடுத்த இலைக்குப் போய்விடுவார், திரும்பி வர அவருக்கு நேரமிருக்காது.

அன்புக்குரியவர் ஒருவரின் எடையைப் பற்றி நீங்களே பேச வேண்டியிருந்தால், சாப்பிடும் நேரத்திலும் மூன்றாம் ஆள் முன்னாலும் பேசாதீர்கள். உடம்பைப் பற்றித் தொடங்காமல் நீங்கள் கண்ட ஒன்றைச் சொல்லுங்கள்: "ராத்திரி குறட்டை நடுவில மூச்சு நின்னு நின்னு வருது, டாக்டர்கிட்ட போவோமா?" கூடவே நடுப்பத்தியிலிருந்து ஒரு வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கிண்டல் பண்ணினால் ரோஷத்தில் குறைப்பார்கள் என்பது பொய். 2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், எடைக்காக இழிவாக நடத்தப்பட்டவர்கள் நான்கு ஆண்டுக்குள் உடற்பருமன் நிலைக்குப் போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு இருந்தது. பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு: ஒரு பிள்ளைக்கு மட்டும் தனித் தட்டு, தனி அளவு கூடாது. மாற்றினால் வீட்டுக்கே மாற்றுங்கள்.

மருத்துவர் அறையில்

பல இடங்களில் வராந்தாவிலேயே எடை பார்த்து, எண்ணை எல்லோர் காதிலும் விழும்படி சொல்லி எழுதச் சொல்வார்கள். "சத்தமா சொல்லாம எழுதிக்கங்க சிஸ்டர்" என்று கேட்கலாம், கேட்டால் செய்கிறார்கள். உள்ளே போகும்போது தாளையும் மாத்திரை அட்டைகளையும் கொண்டுபோங்கள். முழங்கால் வலியோ மூச்சிரைப்போ சொன்னதும் "வெயிட்டைக் குறைங்க" என்று மட்டும் பதில் வந்தால், "சரிங்க டாக்டர், இதே வலி ஒல்லியான ஒருத்தருக்கு இருந்தா என்ன டெஸ்ட் எழுதுவீங்க? அதை எனக்கும் எழுதுங்க" என்று கேளுங்கள். மாதவிடாய் தவறுவது, பகலில் தூங்கி விழுவது, குறுகிய காலத்தில் காரணமில்லாமல் ஏறியது, இந்த மூன்றும் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டியவை.

செமாகுளூடைடு போன்ற, எடை குறைக்கும் ஊசிகளைப் பற்றிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். "குறுக்கு வழி" என்பார்கள்; இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை. நிறுத்தினால் எடை திரும்பும்: ஆய்வில் ஊசியை விட்ட ஒரு வருஷத்துக்குள், இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறியது. இதைத் தெரிந்து, செலவைக் கணக்கிட்டு, மருத்துவச் சீட்டோடு வாங்குவதானால் அது உங்கள் முடிவு. ஒல்லியானவர்கள் உடம்பு தேற மருந்துக்கடையில் சொல்லி வாங்கும் மாத்திரைகளில் சைப்ரோஹெப்டாடினோ டெக்ஸாமெத்தசோனோ இருக்கலாம். முன்னது பசியைக் கூட்டும் ஒவ்வாமை மருந்து; பின்னது ஸ்டீராய்டு, முகம் உப்பும், சர்க்கரை ஏறும்.

இப்போதைக்குக் குறைக்கப் போவதில்லை என்பதும் முறையான முடிவுதான். கைக்குழந்தை, படுக்கையில் மாமியார், இரவு ஷிப்ட் என்று இருக்கும் வருஷத்தில் எடை கூடாமல் பார்த்துக்கொள்வதே பெரிய வேலை. அப்படி முடிவெடுத்தால் வருஷத்துக்கு ஒரு முறை இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு பார்ப்பதை மட்டும் விடாதீர்கள். முடிவைத் தேதியோடு வலது பத்தியின் கீழே எழுதுங்கள், மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க.

தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டாதீர்கள். வீட்டில் எல்லோரும் மேற்பார்வையாளர் ஆகிவிடுவார்கள். பீரோவில், புடவைக்கு அடியில் வையுங்கள். எடை மெஷின் ஹாலில் இருந்தால் அதையும் எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள்.